மோன் பிளாங்கைச் சுற்றி நடக்க: முதலில் படுக்கை, பிறகுதான் பாதை

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங் சிகரத்தைச் சுற்றி ஒரு நடைபாதை போகிறது. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகளின் வழியாகச் சுமார் 170 கி.மீ. வழியிலுள்ள ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் கிட்டத்தட்ட 10,000 மீட்டர் வரும். கூடாரம், அடுப்பு எதையும் சுமக்க வேண்டாம். ஒவ்வொரு மாலையும் ஒரு மலைக்குடிலைப் போய்ச் சேர்ந்தால் சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும். பெரும்பாலானவர்கள் 10 அல்லது 11 நாட்களில் சுற்றி முடிக்கிறார்கள். நானும் அக்காவும் கோவையிலிருந்து கிளம்பிப் போய் இதை நடந்துவிட்டு வந்தோம். அதிலிருந்து யார் கேட்டாலும் முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் நடக்கணும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "ஒவ்வொரு ராத்திரியும் எங்கே படுக்கப் போறீங்க?" இதற்குப் பதில் எழுதிவிட்டால் மீதித் திட்டம் அதன் பின்னாலேயே வரும்.

ஏன் என்று சொல்கிறேன். பாதை ஊர்களைத் தொடும் இடங்களில் தங்க இடம் பிரச்சினையில்லை. லே கோன்டமின், கூர்மாயோர், ஷாம்பே, ஷமோனி போன்ற ஊர்களில் விடுதிகள் நிறைய. ஊர்களுக்கு நடுவே, மேலே, மிகச் சில குடில்கள்தான் இருக்கின்றன. போனோம் கணவாய்க்கு மேலுள்ள குடில், அதைத் தாண்டி மோத்தே, இத்தாலிப் பக்கம் எலிசபெத்தா, பொனாத்தி, எலெனா, கடைசியில் லாக் பிளாங் ஏரிக்கரைக் குடில். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கான படுக்கைகள் முந்தைய இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலுமே போய்விடுகின்றன. அதனால் முதல் நாளிலிருந்து வரிசையாகப் பதிவு செய்துகொண்டு வராதீர்கள். கிடைக்க அரிதான குடில்களில் எந்தத் தேதிக்கு இடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஊர் விடுதிகளை நடுவில் நிரப்புங்கள். பயணம் தொடங்கும் தேதியே அப்படித்தான் முடிவாக வேண்டும். நாங்கள் போக நினைத்த வாரம் வேறு. எலெனாவில் இடம் கிடைத்த தேதியை நடுவில் நிறுத்தி முன்னும் பின்னும் எண்ணியபோது வந்த வாரத்தில்தான் போனோம்.

இணையத்தில் "இடமில்லை" என்று காட்டினாலும் குடிலுக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள், முடிந்தால் போன் செய்யுங்கள். யாராவது ரத்து செய்துகொண்டே இருப்பார்கள். இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு இப்படி இடம் கிடைக்கும் வாய்ப்பு, ஆறு பேர் கும்பலுக்கு இருப்பதைவிட எவ்வளவோ அதிகம்.

எந்தக் குடில் என்று தேர்ந்தெடுக்க எனக்கு ஒரே ஓர் அளவுகோல்தான்: மறுநாள் உயரமான கணவாயைக் காலையிலேயே கடக்க முடிகிறதா? கோடையில் ஆல்ப்ஸில் இடி மின்னல் பெரும்பாலும் பிற்பகலில் வரும். வெட்டவெளியான கணவாயின் உச்சியில் மதியம் இரண்டு மணிக்கு நிற்கக் கூடாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பாருங்கள். கோன்டமின் ஊரில் (சுமார் 1,170 மீ) படுத்தால் மறுநாள் போனோம் கணவாய்க்கு (2,329 மீ) 1,150 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், அதற்குள் மதியமாகிவிடும். இன்னும் கொஞ்ச தூரம் நடந்து 1,706 மீட்டரிலுள்ள லா பால்ம் குடிலில் படுத்தால் ஏறவேண்டியது 620 மீட்டர்தான். அதே மாதிரி, இத்தாலிக்குள் நுழையும் சேன்ய் கணவாய்க்கு (2,516 மீ) மோத்தே குடிலிலிருந்து கிளம்புவது சுலபம். சுவிட்சர்லாந்துக்குள் இறங்கும் பெரிய ஃபெர்ரே கணவாய்க்கு (2,537 மீ) எலெனா சரியான இடம். குடில் 2,062 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து ஏறுவதற்கு ஐந்நூறு மீட்டர் கூட இல்லை.

எலெனாவில் தங்கிய ராத்திரி, மறுநாள் மதியத்துக்கு மேல் இடி வரும் என்று குடில்காரர் சாப்பாட்டு மேசைக்கே வந்து சொன்னார். காலைச் சாப்பாடு முடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பினோம். உச்சியில் காற்று ஆளையே தள்ளியது, ஆனால் வானம் தெளிவாக இருந்தது. இறங்கும்போது அக்கா பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, அந்தப் பக்கம் கறுத்துட்டு வருது பாரு" என்றாள். "ஆமாங்கக்கா, கீழ போயி டீ குடிச்சுக்கலாம், நிக்காம நடங்க" என்றேன். சுவிஸ் பக்கம் லா புல் மலைப்பண்ணையில் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது மேலே முழங்க ஆரம்பித்தது. அரை மணி நேரம் கழித்து நனைந்து நடுங்கி வந்து சேர்ந்தவர்களைப் பார்த்தோம். அவர்கள் எங்களைவிட வேகமாக நடப்பவர்கள்தான். முந்தைய ராத்திரி கீழே வெகுதூரத்தில் படுத்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நேரக் கணக்குக்கு வருகிறேன். மலையில் கிலோமீட்டர் ஏமாற்றும். ஆல்ப்ஸில் புழங்கும் கணக்கு ஒன்று எங்களுக்கு அச்சாகப் பொருந்தியது. சமதளத்தில் மணிக்கு 4 கி.மீ., ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர், இறக்கத்தில் மணிக்கு 500 மீட்டர். தூரத்துக்கான நேரத்தைத் தனியாகவும், ஏற்ற இறக்கத்துக்கான நேரத்தைத் தனியாகவும் போட்டுக்கொண்டு, இரண்டில் பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்ட வேண்டும். 12 கி.மீ. தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டுமே மூன்று மணி நேரம். ஆக மொத்தம் நாலரை மணி நேரம். இது நடக்கும் நேரம் மட்டும். சாப்பிட, படம் எடுக்க, காலணியைக் கழற்றி மாட்ட மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தின் மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் போட்டிருக்கும் நேரத்திலும் ஓய்வு சேராது.

இந்தக் கணக்கைக் கூட வருபவர்களில் மெதுவாக நடப்பவரை வைத்துத்தான் போட வேண்டும். அக்கா ஏற்றத்தில் என்னைவிடக் கெட்டி. இறக்கத்தில்தான் அவளுக்கு முழங்கால் வலிக்கும். ஆகவே எங்கள் திட்டத்தில் நான் முதலில் பார்த்தது இறக்கத்தின் அளவை. எலிசபெத்தாவிலிருந்து வரும் பாதை, 1,956 மீட்டரிலுள்ள செக்ரூயி மேட்டிலிருந்து கூர்மாயோர் வரைக்கும் 700 மீட்டருக்கு மேல் செங்குத்தாக விழுகிறது. அங்கே கோடையில் நாற்காலி லிஃப்டும் கேபிள் காரும் ஓடுகின்றன. ஓடும் நாட்களை முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தோம், அதிலேயே இறங்கினோம். முழுப் பாதையையும் காலால்தான் நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முழங்காலைக் காப்பாற்றிக்கொண்டால் அடுத்த நாளும் நடக்கலாம்.

இந்தப் பாதையில் எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறையாவது பேருந்தோ ரயிலோ கிடைக்கும் இடம் வந்துவிடும் என்பதுதான். இத்தாலியின் வெனி, ஃபெர்ரே பள்ளத்தாக்குகளில் கோடையில் பேருந்து ஓடும். சுவிட்சர்லாந்தில் லா ஃபூலியிலிருந்து ஓர்சியேர் வழியாக ஷாம்பே வரைக்கும் பேருந்தில் போய்விடலாம். கடைசிப் பகுதியில் மோன்ரோக்கிலிருந்து ஷமோனிக்கு ரயில். உடம்பு முடியவில்லை, மழை விடவில்லை என்றால் ஒரு பகுதியைத் தாண்டிப் போய், அடுத்த குடிலில் பதிவு செய்த அதே தேதிக்குச் சேர்ந்துவிடலாம். இங்கே தேதியை மாற்றவே முடியாது. ஒரு ராத்திரி பின்தங்கினால் அதற்குப் பின்னாலுள்ள அத்தனை பதிவுகளும் சரிந்துவிடும். ஆகவே பேருந்து நேரங்களைத் திட்டத் தாளில் அந்தந்த நாளுக்கு எதிரே எழுதி வையுங்கள். ஓய்வு நாள் எடுப்பதானால் ஊரில் எடுங்கள். கூர்மாயோரில் மருந்துக்கடை, துணி துவைக்க இடம், நல்ல சாப்பாடு எல்லாம் உண்டு. எங்கள் ஓய்வு அங்கேதான்.

விசா விஷயம் நம்மூர்க்காரர்களுக்குத் தனிச் சிக்கல். மூன்று நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். ஜெனீவாவில் இறங்குவதற்கும் அதுவே செல்லும். எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஷமோனியில் முன்னும் பின்னும் தங்குவதால் பெரும்பாலும் அது பிரான்ஸாக இருக்கும், இருந்தாலும் எண்ணிப் பாருங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்கலாம். குடில்களில் இடம் பிடிப்பதோ அதற்கு முன்பே நடக்கிறது. அதாவது, விசா கிடைக்குமா என்று தெரியும் முன்பே முன்பணம் கட்டியாக வேண்டும். ஒவ்வொரு குடிலிலும் எந்தத் தேதி வரை ரத்து செய்தால் பணம் திரும்பும் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தோடு நாங்கள் ஒரே ஒரு தாள் வைத்தோம்: தேதி, ஊர், நாடு, குடிலின் பெயர், பதிவு உறுதி எண். பின்னால் அதே வரிசையில் ஒவ்வொரு குடிலின் மின்னஞ்சலும். தினமும் ஊர் மாறும் பயணத்தை அதிகாரி ஒரு பார்வையில் புரிந்துகொள்ள அந்தத் தாள்தான் உதவும்.

விசாவுக்கான காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அதோடு நிறுத்தாதீர்கள். மலைநடையும் ஹெலிகாப்டர் மீட்பும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில காப்பீடுகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேலான நடையைச் சாகச விளையாட்டு என்று ஒதுக்கிவிடும். சுவிஸ் பக்கத்தில் ஹெலிகாப்டர் வந்தால் கட்டணம் உண்டு. நம் பணத்தில் அது லட்சங்களில் வரும். அவசர எண் மூன்று நாட்டிலும் 112.

எந்த மாதம் என்றால், குடில்கள் ஏறக்குறைய ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரைக்கும் திறந்திருக்கும். ஜூனில் உயரமான கணவாய்களில் பனி மிச்சம் இருக்கும். பனியில் நடந்து பழகாதவர்கள் ஜூலை நடுவுக்கு முன் போக வேண்டாம் என்பேன். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இதே மலையைச் சுற்றிப் புகழ்பெற்ற மலை ஓட்டப்பந்தயம் நடக்கிறது. அந்த வாரம் ஊர் விடுதிகளில்கூட இடம் கிடைப்பது கஷ்டம். செப்டம்பர் முதல் பாதி எனக்குப் பிடித்த காலம். கூட்டம் குறைந்து, காற்று தெளிந்து இருக்கும். பகல் கொஞ்சம் குறுகும், ராத்திரி நன்றாகக் குளிரும்.

குடில் வாழ்க்கை நமக்குப் புதிது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் காலணியைத் தனி அறையில் கழற்றி வைத்துவிட வேண்டும். அங்கேயே செருப்பு அடுக்கி வைத்திருப்பார்கள். படுக்கை பெரும்பாலும் பொது அறையில், வரிசையாக மெத்தைகள். ஆண், பெண் தனித்தனி அறை கிடையாது. இதை நினைத்துத் தயங்கும் பெண்கள் பலரை எனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் சுவரோரம் இடம் கேட்டு வாங்கிக்கொண்டோம். எந்தச் சங்கடமும் வரவில்லை. எல்லாரும் களைத்துப்போய் ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிடுகிறார்கள். சில குடில்களில் சிறிய தனி அறைகளும் உண்டு, முதலிலேயே கேட்டால் கிடைக்கலாம். கம்பளி அவர்கள் தருவார்கள், ஆனால் உள்ளே விரித்துப் படுக்க மெல்லிய துணி உறை ஒன்றை நாம் கொண்டு போயே ஆக வேண்டும். பட்டிலோ பருத்தியிலோ விற்கிறார்கள். அக்கா தன் பழைய பருத்திப் புடவையை மடித்துத் தைத்து எடுத்து வந்தாள். எடை குறைவு, ராத்திரியில் உலர்ந்தும் விடும். காதில் வைக்க அடைப்பான் அவசியம். குறட்டைக்கு நாடு கிடையாது.

குளிக்க வெந்நீர் பல இடங்களில் டோக்கன் வாங்கினால் சில நிமிடங்கள் வரும். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக வாங்கிவிடுங்கள். மின்சாரம் குறைவு, பிளக் பாயிண்டுகள் மிகக் குறைவு. பவர் பேங்க் எடுத்துச் செல்லுங்கள். நம்மூர் மூன்று கால் பிளக் அங்கே எந்த நாட்டிலும் பொருந்தாது. சுவிட்சர்லாந்தின் பிளக் மற்ற இரண்டு நாடுகளிலிருந்தும் வேறு. ஐரோப்பிய ஒன்றிய நாட்டு சிம் வாங்கினால் சுவிட்சர்லாந்தில் வேலை செய்யுமா என்று கேட்டு வாங்குங்கள். ரொக்கமாக யூரோவும் சுவிஸ் ஃபிராங்கும் வையுங்கள். கார்டு வாங்கும் குடிலிலும் சிக்னல் இல்லாத நாள் வரும். படுக்கை, இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு சேர்த்து ஆளுக்குப் பெரும்பாலும் 60 முதல் 90 யூரோ ஆகும், சுவிஸ் பக்கம் கொஞ்சம் கூடும்.

போக முடியவில்லை என்றால் குடிலுக்கு உடனே சொல்லிவிடுங்கள். பதிவு செய்த ஆள் இருட்டியும் வரவில்லை என்றால் வழியில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று அவர்கள் கவலைப்படுவார்கள். ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

சாப்பாடு ஏழு மணி வாக்கில், எல்லாருக்கும் ஒரே நேரத்தில், நீளமான மேசையில். சூப், பிறகு ஒரு பெரிய உணவு, கடைசியில் இனிப்பு. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும், முந்தைய நாள் காலையிலோ மாலையிலோ இன்னொரு முறை நினைவுபடுத்த வேண்டும். முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். சைவம் என்றால் ஆம்லெட் வந்துவிடும். அக்கா முட்டை தொடமாட்டாள். அவளுக்கு ஒரு குடிலில் போலெண்டா என்னும் மக்காச்சோளக் களியும் பாலாடைக்கட்டியும், இன்னொன்றில் பருப்பு வேகவைத்தும் கொடுத்தார்கள். பருப்பைப் பார்த்ததும் எங்களுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. காலையில் ரொட்டி, வெண்ணெய், ஜாம், காப்பி. அது நமக்கு நாலு மணி நேர ஏற்றத்துக்குப் போதாது. நாங்கள் கடலை மிட்டாய், வறுத்த வேர்க்கடலை, பேரீச்சம்பழம், கொஞ்சம் பருப்புப்பொடி கொண்டு போயிருந்தோம். நெய், பால்கோவா மாதிரிப் பால் பொருட்களை எடுத்துப்போக வேண்டாம். வெளிநாடுகளிலிருந்து பயணிகள் பாலும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருக்கிறது.

முதுகுப்பை 30 முதல் 40 லிட்டர், தண்ணீரோடு சேர்த்து எட்டு ஒன்பது கிலோவுக்குள். போட்டிருக்கும் உடை ஒன்று, மாற்று ஒன்று. மாலையில் அலசிக் காயப்போடுவது அன்றாட வேலை. மழைச் சட்டை, கம்பளிக் குல்லா, கையுறை மூன்றும் ஆகஸ்டிலும் வேண்டும். பையை முதுகிலிருந்து இறக்கி அடுத்த ஊருக்கு வண்டியில் அனுப்பும் சேவையும் உண்டு, ஆனால் சாலை எட்டும் இடங்களுக்குத்தான். இறக்கத்துக்கு இரண்டு ஊன்றுகோல் கட்டாயம். வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு மூங்கில் தடியின் அருமை தெரியும்.

பயிற்சி வெள்ளியங்கிரியிலிருந்துதான் எங்களுக்கும் ஆரம்பம். அந்த மலை பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும்தான் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் மருதமலைப் படிகள். 170 கி.மீ. பாதையில் 10,000 மீட்டர் ஏற்றம் என்றால் சராசரியாக ஒரு நாளைக்கு ஆயிரம் மீட்டர். ஒருநாள் ஏறுவது பலருக்கும் முடியும். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஏற முடிகிறதா என்பதைத்தான் சோதிக்க வேண்டும். ஆகவே சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து, பையில் முழு எடையோடு, அதே காலணியோடு ஏறி இறங்குங்கள். கால் எரிய ஆரம்பிக்கும் இடத்தில் கொப்புளம் வரும் முன்பே டேப் ஒட்டும் பழக்கமும் அங்கேயே வந்துவிட வேண்டும். பிரெஞ்சுப் பக்கம் ஆட்டு மந்தைகளைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் இருக்கும். மந்தையைச் சுற்றி ஒதுங்கி, மெதுவாகப் போனால் ஒன்றும் செய்யாது.

கடைசிப் பகுதியில் த்ரே லெ ஷான் தாண்டியதும் பாறையில் இரும்பு ஏணிகள் வரும். உயரம் பயம் என்றால் மோன்தே கணவாய் வழியாக ஏணி இல்லாமல் லாக் பிளாங் ஏரிக்குப் போகலாம். நாங்கள் அந்த வழியில் போனோம். அங்கே காட்டாடுகள் நின்றுகொண்டிருந்ததை வெகுநேரம் பார்த்தோம். எதிரே மோன் பிளாங் முழுசாகத் தெரியும் ராத்திரி அதுதான், அந்தக் குடிலுக்காக எத்தனை மின்னஞ்சல் போட்டாலும் தகும்.

பத்துப் பதினோரு நாள் விடுப்பு கிடைக்காதவர்கள் ஷமோனிக்குப் பக்கத்திலுள்ள லே ஊஷ் ஊரிலிருந்து கூர்மாயோர் வரை நாலு நாளில் நடந்துவிட்டு, 11.6 கி.மீ. நீளமுள்ள மோன் பிளாங் சுரங்கம் வழியாகப் பேருந்தில் ஷமோனி திரும்பிவிடலாம். பிடிக்க வேண்டிய அரிய குடில்கள் இரண்டோ மூன்றோதான். செப்டம்பரில் போவதானால் சுரங்கம் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2024-இல் பராமரிப்புக்காக அந்த மாதத் தொடக்கத்திலிருந்து டிசம்பர் வரை மூடி வைத்திருந்தார்கள்.